பெரியம்மாவின் விளக்கு

மனிதர்களில் ஓர் இனம் உண்டு: உண்டதும் சாய்பவர்கள். கடைசிக் கவளம் தொண்டையைத் தாண்டும் முன்பே இவர்கள் கண் நாற்காலியைத் தேடும், கை தலையணையைத் தேடும், தட்டைக் கழுவச் சொன்னால் காது அடைத்துக்கொள்ளும். கேட்டால், இரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விட்டதாம்! இந்த இனத்தின் மூத்த உறுப்பினன் அடியேன். என் சாக்குக்கு விஞ்ஞான ஆதாரமே உண்டு. உயிரியல் பூங்காவில் பாம்புக் கூடத்தைப் பார்த்துக்கொள்பவன் நான்.

"மலைப்பாம்பு சாப்பிட்டா அசையவே அசையாது, தெரியுமா?" என்பேன் மனைவியிடம்.

"அது வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவை சாப்பிடும். நீங்க ஒரு நாளைக்கே நாலு தடவை" என்பாள் அவள், என் தட்டையும் சேர்த்துக் கழுவிக்கொண்டே.

பார்வையாளர்களிடம் நானே தினமும் முழங்குகிற விஷயம்தானே அது! "நாம உடம்பைச் சூடா வெச்சுக்கவே சோத்துல பெரும்பகுதிய எரிக்கிறோம். பாம்பு வெளிச்சூட்டை வாங்கிக்குது. அந்தச் செலவு இல்ல, அதான் மாசக்கணக்கா பட்டினி தாங்குது. ஆனா சாப்பிட்டுடுச்சுன்னா, வெளிய சும்மா கெடக்கும், உள்ள பல மடங்கு வேலை நடக்கும், இதயமே பெருசாகும்! அப்ப மட்டும் சூடு கொறையக் கூடாது. கொறஞ்சா செரிக்காது, கக்கிடும்." கை தட்டுவார்கள். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன்.

எங்கள் மலைப்பாம்புக்கு ஊழியர்கள் வைத்த பெயர் பெரியம்மா. யாரிடமோ கோபித்துக்கொண்டவள்போல மூன்று மாதம் வாயைத் திறக்காமல் இளைத்துக் கிடந்தவள், ஒரு வழியாக ஒரு முயலை விழுங்கினாள். மருத்துவரம்மாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அண்ணா, இதக் கக்கிட்டான்னா அவ தாங்க மாட்டா. கூண்டுச் சூட்டு வெளக்க மட்டும் பாத்துக்குங்க."

"நான் இருக்கேம்மா, கவலைய விடுங்க" என்றேன்.

மறுநாள் மழை. நல்ல குளிர். மதியச் சாப்பாடு வேறு கொஞ்சம் பலம். கூண்டின்மேல் தொங்கிய சூட்டு விளக்கைப் பார்த்தேன். என் நாற்காலியைப் பார்த்தேன். பத்தே நிமிஷம்தானே? விளக்கைக் கழற்றி என் முழங்காலுக்கு நேரே மாட்டிக்கொண்டேன்.

பத்து நிமிஷமாம்! கண் விழித்தபோது பூங்கா மூடும் மணி அடித்துக்கொண்டிருந்தது. என் நாற்காலி இருந்த பக்கமாக, கூண்டுக் கண்ணாடியில் உள்ளிருந்து பெரியம்மா ஒட்டிக் கிடந்தாள். கூண்டைத் திறந்து தொட்டால் ஜில்லென்று இருந்தாள். பதறிப்போய் விளக்கைத் திரும்ப மாட்டினேன். கையெடுத்துக் கும்பிடவும் செய்தேன். நான் தின்றது எனக்கு ஜோராகச் செரித்தது. அவள் தின்றது காலையில் கூண்டு மூலையில் முழுசாகக் கிடந்தது.

"வெளக்கு எப்பண்ணா அணைஞ்சுது?" என்று கேட்டார் மருத்துவரம்மா.

"அணையலம்மா. எனக்கு எரிஞ்சுது."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இரண்டு வாரம் பொறுத்து, சின்ன இரையாக வைத்துப் பார்க்கிறோம். பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் இப்போது நின்றுகொண்டே சாப்பிடுகிறேன், கூண்டைப் பார்த்தபடி.

சாப்பிட்டுவிட்டுச் சுகமாகச் சாய்ந்து இதைப் படிக்கிறவரே, பதறி எழுந்திருக்க வேண்டாம். நம் இனத்துக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? உங்கள் முழங்காலில் படுகிற இதமான சூடு யாரிடமிருந்து கழற்றியது என்று மட்டும் பாருங்கள். அடுக்களையில் யாரோ உங்கள் தட்டைக் கழுவும் சத்தம் கேட்கிறதா?