எங்க லோகோவுக்கு மொட்டை அடிச்ச நாள்

நேத்து எனக்கு இருந்த வேலை ரெண்டே ரெண்டுதான். காலையில முருகன் மலைக்குப் போய் மொட்டை அடிச்சுக்கணும். சாயங்காலம் பொதட்டூர்பேட்டை போய்ப் பாடணும். அவ்ளோதான்.

நடுவுல இருக்கிறது அரை நாள் பஸ் தூரம் கூட இல்ல. இதுல என்ன தப்பாகும்னுதானே கேக்கறீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

எங்க மியூசிக் பேண்டை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பேரு 'கரும்பு லாரி'. திருவாலங்காடு பக்கம் ரோட்டுல கரும்பு லாரி பின்னால மாட்டிக்கினு நின்ன ஒரு நாள் வச்ச பேரு. நான் பாட்டும் கிட்டாரும். அரக்கோணத்துல மெக்கானிக் ஷெட் வச்சிருக்கிற இம்ரான் டிரம்ஸ். சர்ச் கொயர்ல வாசிச்சுப் பழகின டேவிட் கீபோர்டு.

இதுல டேவிட்தான் எங்க மூளை. ராத்திரி பகலா வீடியோ பார்த்துட்டு வந்து ஒரு நாள் சொன்னான்.

"ஒரு பாட்டு கேட்டுட்டுப் போறவன் ரசிகன் இல்லடா. திரும்பி வர்றவன்தான் ரசிகன். அவன் திரும்பி வரணும்னா நம்ம அடையாளம் மனசுல நிக்கணும். நம்ம கிட்ட அப்படி என்னா இருக்குது?"

மூணு பேரும் ரொம்ப நேரம் யோசிச்சோம். கடைசியில என் தலையைப் பார்த்தாங்க.

தோள் வரைக்கும் சுருட்டை முடி. சரி, அதான் அடையாளம்னு முடிவாச்சு. போஸ்டர்ல முடி, ஸ்டிக்கர்ல முடி, டி-ஷர்ட்ல முடி. முகம் கூட போடல. வெறும் முடியும் கீழ பேரும். பார்க்கிறதுக்கு ஹேர் ஆயில் விளம்பரம் மாதிரி இருக்குன்னு இம்ரான் சொன்னான். நாங்க காதுல வாங்கல.

போன வாரம் ஆன்லைன்ல எங்களைப் பின்தொடர்றவங்க ஆயிரம் பேர் ஆனாங்க. சந்தோஷத்துல ஓடிப்போய் எங்கம்மா கிட்ட சொன்னேன்.

அம்மா கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "முருகா! கேட்டதைக் குடுத்துட்டியேப்பா!"

"என்னம்மா கேட்ட?"

"ஆயிரம் பேர் வந்தா புள்ள முடியை உனக்கே குடுத்துடறேன்னு வேண்டிக்கினு இருந்தேன்டா."

நான் அலறிட்டேன். "எம்மா! அந்த ஆயிரம் பேரும் அந்த முடிக்காகத்தாம்மா வந்தாங்க!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. வர்ற கிருத்திகைக்கு மொட்டை."

"அன்னைக்குப் புரோகிராம் இருக்குதும்மா. அடுத்த மாசம் அடிச்சுக்கறேன்."

"முருகன் கிட்டயே வாய்தா கேக்கிறியா?"

அதுக்கு மேல பேச முடியுமா? டேவிட்டுக்கு போன் பண்ணினேன். அவன் மெதுவா, "லோகோவையேவாடா?"ன்னான்.

அவன் கவலை நியாயம்தான். பொதட்டூர்பேட்டை திருவிழாக் கமிட்டித் தலைவர் கோதண்டம் அண்ணன் முன்னாடியே சொல்லியிருந்தாரு: "ஜனங்க உக்காந்து கேட்டாங்கன்னா வருஷா வருஷம் நீங்கதான். பாதியில எழுந்து போய்ட்டாங்கன்னா மறுபடி இந்தப் பக்கம் வராதீங்க." எங்களுக்கு வருஷா வருஷம்னு சொல்ல ஒரு ஊர் கூட கிடையாது. இது போச்சுன்னா கீபோர்டை வித்துட்டு துபாய் போறேன்னு டேவிட் வேற சொல்லிக்கினு இருந்தான்.

சரி, நேத்துக்கு வர்றேன்.

மொட்டை அடிச்சுவிட்டவர் கை அவ்ளோ வேகம். நான் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள எங்க லோகோ தரையில கிடந்துச்சு. குளிச்சு, சந்தனம் பூசி, அம்மா கொண்டு வந்த மஞ்சள் வேட்டி துண்டைக் கட்டிக்கினு சாமி கும்பிட்டேன். வேட்டியில பாக்கெட் இல்லாததால போன் அம்மா பையில. "நீ போடா, நான் சித்தி கூட வந்துடறேன்"னு கைச்செலவுக்குக் கொஞ்சம் காசை மட்டும் குடுத்து அனுப்பிட்டாங்க.

பிளான் என்னன்னா, இம்ரான் வேன்ல டிரம்ஸும் என் கிட்டாரும் ஏத்திக்கினு அடிவாரம் வருவான், டேவிட் நேரா பொதட்டூர்பேட்டை போயிடுவான். "நீலச் சட்டை போட்டுக்கினு நிப்பேன்"னு சொல்லி வச்சிருந்தேன்.

சட்டை அம்மா பையில.

அன்னைக்குக் கிருத்திகை. அடிவாரத்துல எங்க பார்த்தாலும் மொட்டை, எங்க பார்த்தாலும் சந்தனம், எங்க பார்த்தாலும் மஞ்சள் வேட்டி. என்னை மொட்டையா இம்ரான் ஒரு தடவை கூட பார்த்ததில்ல. நான் ஒரு ஓரமா நின்னு கரும்பு ஜூஸ் குடிச்சுக்கினு இருக்கேன், வேன் வந்து எதிர்ப்பக்கம் நிக்குது.

"டேய்! ஏறுடா சீக்கிரம்! பொதட்டூர்பேட்டைக்கு லேட்டாச்சு!"

என்னைப் பார்த்து இல்ல. அங்க நின்ன வேற ஒரு மொட்டையைப் பார்த்து!

அந்த ஆளும் ஒரு நிமிஷம் முழிச்சுட்டு, கும்பிடு போட்டு, பின்னால ஏறி டிரம்ஸ் பக்கத்துல உக்காந்துட்டாரு. வேன் கிளம்பிடுச்சு.

ஜூஸ் கிளாஸை வச்சுட்டு வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கினு ஓடினேன். "நிறுத்துடா! நிறுத்துடா!"ன்னு கை ரெண்டையும் தூக்கிக் கத்தினேன்.

சுத்தி இருந்த கூட்டம் என்னைப் பார்த்து, "அரோகரா!"ன்னுச்சு.

நான் இன்னும் சத்தமா கத்தினேன். அவங்களும் இன்னும் சத்தமா "அரோகரா!" ஒரு அம்மா என் கால்ல தண்ணி ஊத்தினாங்க. வேன் முக்குத் திரும்பிப் போயே போச்சு.

கடைசியில பஸ். உள்ள பாதிப் பேர் மொட்டை. எனக்கு முன் சீட்டுல ஒரு அக்கா, மடியில புதுசா மொட்டை அடிச்ச குழந்தை. அது தலை எரிச்சல்ல ஊரைக் கூட்டுது. கொஞ்ச தூரம் போனதும் பஸ்ஸும் ஊர ஆரம்பிச்சுது. எட்டிப் பார்த்தா முன்னால ஒரு கரும்பு லாரி!

வழியும் விட மாட்டேங்குது, குழந்தையும் நிறுத்த மாட்டேங்குது. எனக்குப் பதட்டம். பதட்டமானா நான் பாடுவேன், சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். எங்க பஸ் பாட்டை மெதுவா எடுத்தேன். கை காட்டினாலும் நிக்காத பஸ்ஸைப் பத்தின பாட்டு. ஒவ்வொரு வரி முடிவுலயும் 'ரைட் ரைட்'னு வரும்.

குழந்தை சட்டுனு நிறுத்திட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச்சு.

"நிறுத்தாதப்பா! பாடு பாடு!"ன்னு அந்த அக்கா கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

ரெண்டாவது சுத்துல பின் சீட்டும் சேர்ந்துச்சு. நான் ஒரு வரி பாடினா மொத்த பஸ்ஸும் கம்பியில தட்டி "ரைட் ரைட்!"

டிரைவர் திரும்பிக் கத்தினாரு. "யோவ் கண்டக்டர்! முன்னால லாரி நிக்குது, எவன்யா சும்மா ரைட் குடுக்கிறது?"

குழந்தை தூங்கிடுச்சு. ஒரு பெரியவர் கேட்டாரு, "நல்லா பாடறியேப்பா, பேரு என்னா?"

நான் பெருமையா, "கரும்பு லாரி."

"அது தெரியுதுப்பா, முன்னால போவுது. உன் பேரு என்னா?"

ஒருவழியா பொதட்டூர்பேட்டை வந்து மேடைக்கு ஓடினேன். வாசல்ல நின்ன பையன் என்னைத் தடுத்து, ரொம்ப மரியாதையா, "சாமி, அன்னதானம் அந்தப் பக்கம்"ன்னான்.

"நான்தான்பா பாடகர்!"

அவன் போஸ்டரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இதுல முடி இருக்குதே."

எப்படியோ அவனைத் தாண்டி ஏறினா, மேடையில வேற ஒரு கூத்து. வேன்ல வந்த மொட்டை கையில என் கிட்டார். இம்ரான் அவரை மைக் முன்னால உக்கார வச்சுட்டு டிரம்ஸை மாட்டிக்கினு இருக்கான். டேவிட் வயர் மாட்டறதுல குனிஞ்ச தலை நிமிரல. கோதண்டம் அண்ணன்தான் முதல்ல பார்த்தாரு.

"டேய் சேகரு! தறி ஓட்டறவன் நீ, எப்போடா பாட்டுக்காரன் ஆன?"

சேகர் அழாத குறையா எழுந்தாரு. "நான் வழியிலயே சொல்லலாம்னுதாண்ணா பார்த்தேன். இவரு வாயை மூடினாத்தானே?"

இம்ரான் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "டேய், ரெண்டு பேரும் ஒரே மாதிரிதானடா இருக்கீங்க!"

சேகர் கிட்டாரை என் கையில குடுக்கும்போது காதோரமா, "தம்பி, மூணாவது பாட்டுல உங்களுக்கு சுருதி போவுதாமே, பார்த்துக்கோங்க"ன்னுட்டு இறங்கினாரு. வேன்ல இம்ரான் எதைப் பத்திப் பேசிக்கினு வந்தான்னு அப்போதான் தெரிஞ்சுது.

முன் வரிசையில எங்க டி-ஷர்ட் போட்ட காலேஜ் பசங்க. நெஞ்சுல முடி. நான் மைக்கைத் தொட்டதும் ஒருத்தன் எழுந்தான். "எங்க தலைவர் எங்க?"

"நான்தாங்க."

"ஏமாத்தாதீங்க! முடி எங்க?"

"முருகன் கிட்ட."

சிரிப்பாங்கன்னு நினைச்சேன். எழுந்து போய்ட்டாங்க. முன் வரிசை மொத்தமும் காலி. கோதண்டம் அண்ணன் கையைக் கட்டிக்கினு என்னையே பார்க்கிறாரு. டேவிட் முகத்துல துபாய் தெரியுது. எனக்கு உண்மையாவே அழுகை வந்துடுச்சு.

அப்போ பின்னால இருந்து ஒரு குரல். "ஐய, இது நம்ம பஸ் மொட்டைடா!"

அந்தப் பெரியவர்! பக்கத்துல குழந்தையோட அந்த அக்கா. அவங்க வழியில இருக்கிறவங்க கிட்டயெல்லாம், "இவருதாங்க என் புள்ளையத் தூங்க வச்சவரு"ன்னு சொல்லிக்கினே முன்னால வந்து உக்காந்தாங்க. பின்னாலயே பஸ் ஜனம். காலியான வரிசையில இப்போ வரிசையா சந்தன மொட்டை. சேகரும் ஒரு நாற்காலி போட்டு நடுவுல உக்காந்துட்டாரு.

"பஸ் பாட்டை எடுப்பா!"

எடுத்தேன். அவங்க நாற்காலியைத் தட்டினாங்க, மொத்த தெருவும் "ரைட் ரைட்!" போட்டுச்சு. இம்ரான் அவங்க தாளத்துக்கு வாசிக்க வேண்டியதாப் போச்சு. கடைசிப் பாட்டு வரைக்கும் ஒரு ஆள் எழுந்து போகல. மூணாவது பாட்டுல மட்டும் சேகர் என்னையே உத்துப் பார்த்துக்கினு இருந்தாரு.

முடிஞ்சதும் கோதண்டம் அண்ணன் வந்து தோள்ல தட்டினாரு. "வருஷா வருஷம் நீங்கதான் தம்பி. ஆனா ஒண்ணு, மொட்டையோடதான் வரணும். வேற மாதிரி வந்தா ஜனங்களுக்கு அடையாளம் தெரியாது."

டேவிட் அங்கேயே உக்காந்து புது லோகோ வரைஞ்சான். ஒரு வட்டம். அவ்ளோதான்.

வீட்டுக்கு வந்து அம்மா கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கண் கலங்கிட்டாங்க. நேரா சாமி படத்துக்கு முன்னால போய், "அடுத்தது பத்தாயிரம் பேர் வரணும் முருகா"ன்னாங்க.

"இப்போ என்னம்மா வேண்டிக்கிட்ட? எனக்குத்தான் முடியே இல்லையே?"

அம்மா, வாசல்ல கீபோர்டை இறக்கிக்கினு இருந்த டேவிட் தலையையே பார்த்துக்கினு இருந்தாங்க.

"அம்மா, நான் சர்ச்சுக்குப் போறவன்மா!"

"அதனால என்னப்பா? உனக்கும் முடி வளருது இல்ல?"

பேண்டு வச்சிருக்கிற தம்பிங்களா, ரசிகர்கள் கடைசி வரைக்கும் நிக்கணும்னா என்ன பண்ணணும்னு எனக்கு இன்னும் தெரியாது. ஆனா எத்தனை பேர் இருக்காங்கன்னு மட்டும் அம்மா கிட்ட சொல்லிடாதீங்க.