சித்தையன் வைத்த டைமிங்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரின் பானெட்டைச் சித்தையன் திறந்ததுமே அவர் மனைவி பாக்கியலட்சுமி வாசலுக்கு ஓடி வந்தார்.

"ஏனுங்க, ஓடற வண்டியை எதுக்குங்க நோண்டறீங்க?"

சித்தையன் நோண்டவில்லை. பிளக்கில் பொறி விழும் நேரத்தை, அதாவது இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்க்கிறார். அவருடைய பழைய பியட்டை மைசூரில் இதுவரை ஒரு மெக்கானிக்கும் தொட்டதில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் சட்டைப் பித்தான் தெறிக்கப் பார்க்கும். அந்தப் பெருமைக்குத்தான் இப்போது சோதனை. ஊரிலிருந்து வந்திருந்த மச்சான் சுப்பையா, இந்தத் தகரம் சாமுண்டி மலை ஏறாது என்று சொல்லிவிட்டார். ஏறாவிட்டால் அங்கேயே சாவியைக் கொடுத்துவிடுகிறேன், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் என்று சித்தையனும் வாயை விட்டுவிட்டார்.

எஞ்சினை ஓடவிட்டு, டைமிங் லைட்டை எஞ்சின் முன்னால் சுற்றும் புல்லிச் சக்கரத்தின்மேல் அடித்தார். பிளக்கில் பொறி விழும்போதெல்லாம் லைட் மின்னும். சுற்றுகிற புல்லி நின்றதுபோல் தெரியும். அதிலுள்ள வெள்ளை அடையாளம், எஞ்சினிலுள்ள முள்ளுக்கு நேரே நிற்கவேண்டும். அழுக்கேறிய புல்லியில் அடையாளம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"எப்பவோ நான் வச்ச பெயிண்ட். இன்னும் மங்கல பாரு" என்றார்.

ஆனால் அது முள்ளைவிட்டுத் தள்ளி நின்றது. பொறியின் நேரத்தை மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டரின் போல்ட்டைத் தளர்த்தி, அடையாளம் நேருக்கு வரும்வரை திருப்பி, இறுக்கினார். கார் இருமியது. பெட்ரோல் போதவில்லை என்று கார்புரேட்டர் திருகைத் திறந்தார். கரும்புகை கிளம்பி, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த வேட்டிகளின் நிறத்தை மாற்றியது. பிளக்குகளைத் துடைத்து மாட்டினார். சைலன்சர் வெடித்ததில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் லைட்டை அடித்துப் பார்த்தார். அடையாளம் முள்ளுக்கு நேரே நின்றது. டைமிங்கில் மட்டும் தப்பே இல்லை என்பதில் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை.

மறுநாள் குடும்பமே காரில் ஏறியது. மலைப்பாதையின் முதல் வளைவிலேயே கார் மூச்சு வாங்கி நின்றது. சுப்பையா இறங்கி, சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவிக்குக் கை நீட்டினார். சித்தையன் அப்போதும் விடவில்லை. பானெட்டைத் திறந்து, புல்லியைத் தொட்டுக் காட்டினார்.

"வண்டி நிக்கட்டுங்க மச்சான். இந்த அடையாளத்தைப் பாருங்க. நாள் முச்சூடும் லைட் அடிச்சுப் பாத்து வச்ச டைமிங், கடுகளவு பிசகில்ல. இதை வச்ச கைக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

பின்சீட்டிலிருந்து இறங்கி எட்டிப் பார்த்தாள் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த புது மருமகள் வைஷாலி. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அது நான் வச்சது மாமா. ஆயுத பூஜைக்கு எஞ்சினுக்கும் ஸ்வல்ப பொட்டு வைக்கச் சொன்னாங்க அத்தை. விபூதின்னா பறந்துடும்னு வெள்ளை நெயில் பாலிஷ்ல வச்சேன். யாருமே கவனிக்கலைன்னு நினைச்சேன், நீங்க லைட்டெல்லாம் அடிச்சுப் பாத்திருக்கீங்க."