கை தூக்காத நிதிக்குழு

நகரசபை நிதிக்குழுவின் தலைவரும், என் மனைவியின் தம்பியும், என் ஏணியை வாங்கிச் சென்று இன்றுவரை திருப்பித் தராதவருமான மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு யாவரும் நலம். தாங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். தோற்றவர்களுக்குத் தூக்கம் நன்றாக வருமாம். தங்கள் அக்காள் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். இனி வருவது என் கடிதம்.

நேற்றைய கூட்டத்தில் தாங்கள் அடைந்த தோல்வியைத் தாங்கள் சரியாகக் கவனித்தீர்களோ என்னவோ, ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். நிதி போதவில்லை, ஆகவே நகரப் பள்ளிகளில் ஓவிய வகுப்பையும் பாட்டு வகுப்பையும் எடுத்துவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தீர்கள். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "மேலிருந்து உத்தரவு அத்தான், நான் என்ன பண்றது?" என்றீர்கள். கணக்கு வகுப்பை வெட்டினால் ஊர் கேட்கும், ஓவிய வகுப்பை வெட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது என்பது மேலிடத்தின் மேலான எண்ணம். தங்கள் மருமகளுக்கு, அதாவது என் மகளுக்கு, தெரிந்தது. பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி வரும் பெண் அவள். ஓவிய வகுப்பு உள்ள நாளில் மட்டும் தானே தலைவாரிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நிற்பாள். செய்தி வந்த அன்று பென்சில்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டு, "பரவாயில்லப்பா" என்றாள். அந்தப் பரவாயில்லைக்காகத்தான் நான் தெருவில் இறங்கினேன். தங்கள்மேல் உள்ள கோபம் இரண்டாவது காரணம். ஏணி மூன்றாவது.

வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தேன். நான் பேச்சை நிறுத்திவிட்டவர்கள் வீட்டுக்கும் போனேன். அப்படிப் பார்த்தால் எங்கள் தெருவில் எல்லா வீடும்தான். சலவைக்கடைக்காரர் கதவைப் பாதி திறந்து, "சண்டைக்குத்தானே வந்திருக்கீங்க?" என்றார். "ஆமாம், ஆனா உங்களோட இல்ல" என்றேன். அப்படியா என்று சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். மக்கள் எழுச்சி என்பது இப்படித்தான் தொடங்குகிறது. தங்களைப் போன்றவர்கள் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கூட்டத்தில் முதலில் நான் எழுந்தேன். அவைக்கும் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம் சொல்லி, கலையின் வரலாற்றைத் தொடங்கி, ஆதிமனிதன் குகைச் சுவரில் மாடு வரைந்த இடத்துக்கு வந்துகொண்டிருந்தபோது தாங்கள் மணி அடித்தீர்கள். ஆளுக்கு மூன்று நிமிடம்தானாம். பாதி மாட்டோடு உட்கார்ந்தேன். இதையும் மனத்தில் குறித்திருக்கிறேன். அடுத்து, வேலை போகவிருந்த ஓவிய ஆசிரியை எழுந்தார். அந்த அம்மாள் பேச்சே கொண்டுவரவில்லை. வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பேச வருகிறவர்களாக முன்கூட்டியே பதிந்துவைத்திருந்தார். "இவங்களுக்குப் பேச வராது சார். அவங்கவங்க நேரத்தை வரைஞ்சு கழிச்சுக்குவாங்க" என்றார். விதியில் அதற்குத் தடையில்லை. பிள்ளைகள் அட்டையும் காகிதமுமாக உறுப்பினருக்கு ஒருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

'தாங்கள், தாங்கள்' என்று எழுதிக் கை வலிக்கிறது. நீ என்றே எழுதுகிறேன் மச்சான். அதற்குப் பிறகல்லவா வேடிக்கை. கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மருந்துக்கடை முதலாளி காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். லாரி முதலாளி தொப்பையை உள்ளே இழுத்தவர், மூச்சை வெளியே விடவே இல்லை. இன்னொருவர், "இந்தப் பக்கம் பல்லு இல்லம்மா, அந்தப் பக்கமா வந்து உக்காரு" என்றார். நீ மேஜைக்குப் பின்னால் தீர்மானத்தைப் படித்து முடித்து, உதடு அசையாமல், "ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றாய். உன் கை எழுந்தால்தான் அந்தக் குழுவில் மற்றக் கைகள் எழும் என்பது ஊரறிந்த விஷயம். எல்லோரும் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டி உன்னைப் பார்த்தார்கள். மேஜையோரம் கீழே உட்கார்ந்திருந்த உன் மருமகள், "அசையாதீங்க மாமா, இன்னும் கை போடல" என்றாள். அவ்வளவுதான். பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்த மாப்பிள்ளை மாதிரி விறைத்துப்போனாய். என் கல்யாண ஃபோட்டோவில் என்னை மறைத்துக்கொண்டு நின்றவனல்லவா நீ? உன் படம் கெட்டுப்போவதை உன்னால் தாங்க முடியுமா? குமாஸ்தா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யாரும் தூக்கல தலைவரே. தீர்மானம் விழுந்துச்சுன்னு எழுதிக்கட்டுமா?" என்றார். "எழுதிக்குங்க" என்று முனகினாய். உன் அகம்பாவமே உன்னைக் கவிழ்த்தது. ஓவியமும் பாட்டும் பிழைத்தன, ஆசிரியையின் வேலையும் பிழைத்தது. மண்டபம் அதிர்ந்தது. சலவைக்கடைக்காரர் என்னைத் தோளில் தூக்கப் பார்த்து, முடியாமல், கையைக் குலுக்கினார். எங்கள் சண்டை எதற்காக என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலை அலமாரியில் இருந்த பென்சில் கட்டைக் காணோம். ரப்பர் பேண்ட் மட்டும் கிடந்தது.

வென்றவனுக்குரிய பெருந்தன்மையோடு முடிக்கிறேன். இனி என் வாசற்படியை மிதிக்காதே. உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், உனக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உன்னைத் தோற்கடித்த அத்தான்

பி.கு.: உறையில் போடப்போகும் நேரத்தில் உன் மருமகள் படத்தை முடித்துக் கொண்டுவந்து காட்டினாள். நான் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து மேஜைக்கு மேலே உன் மூஞ்சி மட்டும்தான் தெரிந்தது. அவள் கீழே இருந்து பார்த்திருக்கிறாள். மடியில் உன் இடது கை, வலது கை மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. விரல் முட்டியெல்லாம் வெளுத்திருக்கிறது. தப்பாகப் போட்டுவிட்டாயா என்று கேட்டேன். "இல்லப்பா, கை தூக்கச் சொன்னப்பவே மாமா அப்படித்தான் பிடிச்சுக்கிட்டிருந்தாரு. வலிச்சிருக்கும்" என்றாள். உன் அக்காவிடம் காட்டினேன். "உங்களுக்கு இப்பதான் தெரியுதா?" என்று உள்ளே போய்விட்டாள்.

ஆகவே மேலே எழுதியதில் ஏணியைப் பற்றியது தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன். கூடத்தில் மாட்டவேண்டும், ஆணி அடிக்கும் இடம் உயரம். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வா. ஏணியோடு வா.