கரடியின் வேனும் மலையேறாத விளக்கும்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. அதனிடம் ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. புத்தி மட்டும் இருந்ததில்லை. அதெப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். அந்தக் கரடி நான்தான்.

எங்கள் காடு மலை உச்சியில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். மத்தியானம் என்றால் என் வேன் சொன்ன பேச்சைக் கேட்கும். காலையில் செல்ஃப் அடித்தால் கர்கர் என்று இழுக்கும், வெள்ளைப் புகை விடும், அத்தோடு சரி. அடிவாரச் சந்தைக்குத் தேனும் கிழங்கும் ஏற்றிப்போகக் காட்டில் இருந்தது அந்த ஒரு வண்டிதான். அதனால் காட்டுப்பன்றிகள் நாலு பேர் தினமும் வந்து தள்ளிவிட்டார்கள். போகப்போக என் தலையைக் கண்டாலே புதருக்குள் போய்விட்டார்கள். நானும் வண்டியைச் சரிவில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யப் பழகிக்கொண்டேன். அதையும் ஒரு வித்தை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். வெட்கக்கேடு.

எங்கள் காட்டில் வண்டி இல்லாத எல்லோரும் மெக்கானிக்குகள். பேட்டரி போச்சு என்றது மான். மாற்றினேன். டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றது குரங்கு. டேங்கைக் கழுவினேன். திருஷ்டி என்றது கீரி. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். அதை நசுக்குவதற்குக்கூட வண்டி நகரவில்லை.

கடைசியில் இருதயத்திடம் போனேன். இருதயம் ஒரு முள்ளம்பன்றி, நிஜமான மெக்கானிக். கை சுத்தம், பேச்சுதான் கொஞ்சம் குத்தும். ஹீட்டர் பிளக் நாலும் கருகிவிட்டன என்று கழற்றிக் காட்டிவிட்டுப் புதிதாக மாட்டினான். குளிரில் எஞ்சினுக்குள் முதலில் சூடேற்றுவது அவைதானாம்.

"சாவியைப் பாதி திருப்பு. முன்னாடி சுருள் மாதிரி ஒரு லைட் எரியும். அது அணையட்டும். அணைஞ்ச பிறகு செல்ஃப் அடி," என்றான்.

நன்றாகத் தலையாட்டினேன். ஆனால் எங்கள் வீட்டில் கிளம்புகிற நேரத்தில் விளக்கு அணைந்தால் ஒருத்தரும் வாசல் தாண்ட மாட்டோம். திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, விளக்கை ஏற்றிவிட்டுத்தான் புறப்படுவோம். 'அணைந்தது' என்ற சொல்லே எங்கள் வாயில் வராது, 'மலையேறிவிட்டது' என்போம். இந்த இருதயம் என்னடாவென்றால் விளக்கு அணைந்த பிறகு கிளம்பு என்கிறான், விவரம் போதாது பாவம் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை அந்த மஞ்சள் சுருள் எரிந்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அது அணைவதற்குள் அவசர அவசரமாக செல்ஃப் அடித்தேன். கர்கர். வெள்ளைப் புகை.

நீ சொன்னபடிதான் செய்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை என்று இருதயத்திடம் மூன்று குளிர்காலம் புகார் சொன்னேன். அவனும் மூன்று முறை பிளக் மாற்றினான்.

அப்போதுதான் எஃப்.சி. வந்தது. வண்டி இன்னும் ஓடத் தகுதி உள்ளதா என்று பார்த்துச் சான்று தருகிற ஆபீசர் ஓர் ஆமை. அந்த ஆபீஸ் பாதி மலையில் இருந்தது. முந்தின நாளே வண்டியை அங்கே சமதளமான மைதானத்தில் விட்டுவிட வேண்டும். காலையில் ஆமை சார் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பார், சில்லென்று இருக்க வேண்டும். யாரும் தள்ளக்கூடாது. மூன்று தடவைக்குள் ஸ்டார்ட் ஆகாவிட்டால் வண்டி நேராகக் காயலான் கடைக்கு. இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வேன் இருப்பதால்தான் காட்டில் என்னை 'ஓனர்' என்று கூப்பிட்டார்கள். அது போய்விட்டால் நான் வெறும் கரடி.

என் வீட்டுக்காரி பவுனு, இருதயம் சொன்னதை ஒரே ஒரு தடவை சொன்னபடியே செய்து பாருங்களேன் என்றாள். வண்டியைப் பற்றி உனக்கென்ன தெரியும் என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன்.

மறுநாள் காலை மைதானத்தில் எனக்கு டோக்கன் ஏழு. ஆமை சார் வந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். நான் சாவியைத் திருப்பினேன், விளக்கைக் கண்ணில் ஒற்றினேன், செல்ஃப் அடித்தேன். கர்கர். ஆமை சார் படிவத்தில் ஒரு கோடு போட்டார். மறுபடி திருப்பினேன், ஒற்றினேன், அடித்தேன். இந்தத் தடவை கர் மட்டும்தான் வந்தது. இரண்டாவது கோடு விழுந்தது. பின்னால் வரிசையில் நின்ற நரி, காயலான் கடைக்கு வழி தெரியுமா அண்ணே என்று அக்கறையாக விசாரித்தது.

மூன்றாவது தடவை சாவியைப் பாதி திருப்பினேன். விளக்கு எரிந்தது. அடிக்கப் போனபோது ஆமை சார் கையைத் தூக்கினார்.

"இருங்க. எஞ்சின் நம்பர் எழுதிக்கிறேன்."

எழுதினார். ஆமை எழுதுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். முதல் எழுத்தை எழுதி, அது சரிதானா என்று பார்த்து, பேனாவை உதறி, இரண்டாவது எழுத்துக்கு வந்தார். அவர் மூன்றாவதற்கு வருவதற்குள் என் விளக்கு பொட்டென்று அணைந்துவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மைதானம் என்றும் பார்க்காமல் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துத் தேம்பினேன்.

"என்னய்யா ஆச்சு?"

"விளக்கு மலையேறிடுச்சு சார்."

"நல்லதாப் போச்சு. அடுத்து வண்டி மலையேறட்டும். அடிங்க."

எல்லாம் போயிற்று என்றுதான் அடித்தேன். ஒரே அடி. வேன் உறுமிக்கொண்டு எழுந்தது. சந்தோஷத்தில் இறங்கி ஓடி ஆமை சாரின் காலில் விழப் போனேன். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் இருதயத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவனுக்கு முள்ளெல்லாம் எழுந்து நின்றது.

"மூணு வருஷமா நான் என்னய்யா சொன்னேன்?"

"நீ அணையட்டும்னு சொன்னே. மலையேறட்டும்னு சொல்லியிருந்தா அன்னைக்கே கேட்டிருப்பேன். தப்பு உன்மேலதான்."

அவன் பட்டறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இப்போது தினமும் காலையில் சாவியைப் பாதி திருப்பிவிட்டு, மடியில் ஒரு படிவத்தை வைத்து எஞ்சின் நம்பரை நிதானமாக எழுதுகிறேன். எழுதி முடிப்பதற்குள் விளக்கு மலையேறிவிடும், வேனும் மலையேறிவிடும். எல்லாம் ஆமை சார் கைராசி என்று காடு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். பவுனு இப்போதெல்லாம் எனக்கு வாயால் எதையும் சொல்வதில்லை. படிவத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறாள்.

நீதி: ஆபீசில் மெதுவாக எழுதுகிறார்களே என்று கோபப்படாதீர்கள், உங்கள் வண்டி அந்த நேரத்தில்தான் சூடாகிறது. மெக்கானிக் சொல்வதை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்டுவிடாதீர்கள், பிறகு பழி போட ஆள் இருக்காது.