எலி கடித்த துணிக்கும் பாஸ்

கேள்வி கேட்க ஆளில்லாத ஊரில் யாரும் கெட்டிக்காரியாகிவிடலாம். (நான் ஆனேன். அதை ஒப்புக்கொண்டவளும் நான் ஒருத்திதான்.)

தொண்ணூற்றொன்பதில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் பாஷை தெரிந்த ஒரே ஜீவன் நான் என்று நம்பினேன். பழைய புத்தகம் ஒன்றை வைத்துத் தனியாகப் படித்தது. பேச ஆரம்பித்தால் தோழிகளுக்கு அவசர வேலை வந்துவிடும். அந்த நேரத்தில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கம்ப்யூட்டருக்கு ஆள் தேடினார்கள். அங்கே இன்டர்நெட் உண்டு! அந்த நாற்காலி கிடைத்தால், என் பாஷை தெரிந்த ஒருவருக்காவது கடிதம் எழுதலாம். சம்பளத்தைவிட எனக்கு அதுதான் பெரிது.

தேர்வு இதுதான்: துணிச் சுருளின் இழை எண்ணிக்கையை அடித்தால், பாஸா இல்லையா என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். வெறும் ஆம், இல்லை போதும். ஆனால் அந்தப் பதிலையே 'நியூ' என்ற சொல்லைப் போட்டு, ஆப்ஜெக்ட் என்ற பொட்டலமாகச் சுற்றலாம் என்றது புத்தகம். சுற்றாமல் கொடுப்பது பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. சுற்றினேன். பத்து நல்ல சுருள்களை அடித்துப் பார்த்தேன். பத்தும் பாஸ். (கெட்டதை அடித்துப் பார்க்கும் அபசகுனத்தை நான் செய்யவில்லை.)

முதலாளி செய்தார்.

"மொதலாளி, இது எலி கடிச்சது. இழை பாதிகூடத் தேறாது" என்று சூப்பர்வைசர் ஒரு சுருளைக் கொண்டுவந்து, எண்ணிக்கையை அடித்தார்.

பாஸ்.

"சைபர்னு அடியும்வே" என்றார் முதலாளி.

பாஸ்.

"ஏம்மா, துணியே இல்லேங்கேன், அதுக்கும் பாஸாம்லா! ஆஸ்பத்திரிக்காரன் எம் மண்டைய ஒடச்சு, இதே துணியிலல்லா கட்டுப்போடுவான்!"

"மெஷின் கோளாறா இருக்கும் சார்" என்றேன்.

"அப்பச் சரிம்மா. மெஷினுக்குச் சொகமான பொறவு சொல்லி விடுதேன்."

திரும்பும் பஸ்ஸில் புத்தகத்தைப் புரட்டியபோது விளங்கியது. 'இல்லை' என்பதைச் சுற்றிவிட்டால் அது பொட்டலம். ஜாவாஸ்கிரிப்ட் பிரித்துப் பார்க்காது. பொட்டலம் இருக்கிறதா? அப்படியானால் 'ஆம்'!

சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடம் சொல்ல? பக்கத்தில் கத்தரிக்காய்ப் பையோடு கான்சாபுரம் கிராமத்து அம்மா ஒருவர். அவரிடமே முழுவதையும் சொன்னேன்.

"உள்ள இல்லேன்னா இல்லேன்னு சொல்ல வேண்டியதான? எதுக்குத் தாயி சுத்துன?" என்றார்.

நான் 'நியூ'விலிருந்து மறுபடி ஆரம்பிப்பதற்குள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

நாற்காலி கிடைக்கவில்லை. இன்றும் குழம்பில் உப்பு பார்க்க அம்மா என்னைக் கூப்பிட்டால் தம்பி விடமாட்டான். "அவகிட்டயா? எலி கடிச்சதுக்கே பாஸ் போட்டவம்மா!" என்பான். வீடே சிரிக்கும். ஏன் பாஸ் ஆனது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.