கரையான்சாவடி வைஃபை விசாரணை

இந்த நூற்றாண்டில் மனித நாகரிகத்தைத் தாங்கி நிற்பவர்கள் மூன்று பேர் என்று வைத்துக்கொண்டால், அதில் இரண்டு பேர் நெட்வொர்க் மேலாளர்கள். மூன்றாமவர் அவர்களுக்கு மேலே உள்ள மேலாளர். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்த இருவரில் ஒருவன் நான் என்பதால் உண்மையை மறைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

என் பெயர் கிருபாகரன். கரையான்சாவடியில், மெயின் ரோட்டிலிருந்து இரண்டு திருப்பம் தள்ளி, மூன்றாவது மாடியில் ஃப்ளாட். அதன் ஓர் அறையில் உட்கார்ந்தபடியே நான்கு நாட்டு வங்கிகளின் இணைய இணைப்பைக் காத்து வருகிறேன். நெதர்லாந்தில் ஒரு கிளையில் வேகம் குறைந்தால் எனக்கு இங்கே புரையேறும். அப்படிப்பட்டவனின் வீட்டிலேயே வைஃபை மெதுவாக இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை புகார் வந்தது. புகார்தாரர், என் மனைவி சௌம்யா.

எங்கள் மகள் நிவேதிதா பிறந்தபோது சௌம்யா சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையை விட்டாள். ஆறு வருடம் ஆகிறது. இப்போது மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். சௌம்யா நாற்பது இடங்களுக்கு விண்ணப்பம் போட்டு, ஓர் இடத்திலிருந்து பதில் வந்திருந்தது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வீடியோவில் நேர்முகத் தேர்வு. அதற்குப் பழைய சிநேகிதி சபீனாவோடு ஒத்திகை பார்த்திருக்கிறாள்.

"பாதியில படம் நின்னுடுச்சுங்க. வாயைப் பிளந்த மாதிரியே நிக்கிறேனாம். அது தெரியாம நான் மூணு நிமிஷம் பேசியிருக்கேன்."

"இந்தப் பிரச்சனை எப்போலேர்ந்து?"

"நாலு வருஷமா."

"ஏன் இத்தனை நாள் புகார் பதிவு பண்ணல?"

"சொன்னேனே. ‘பார்க்கலாம்’னீங்க."

‘பார்க்கலாம்’ என்பது எங்கள் துறையில் ஒப்புகைச் சீட்டுக்குச் சமம். ஆகவே புகார் முறைப்படி நிலுவையில் இருந்திருக்கிறது, யாரும் அலட்சியப்படுத்தவில்லை. அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் ‘வேகக் குறைவு விசாரணைக் குழு’வைக் கூட்டினேன். தலைவர் நான். தொழில்நுட்ப ஆலோசகர் என் அப்பா கோவிந்தராஜ். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் தோசையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

"உங்க ரூம்ல இருக்கிற ரவுட்டர் செட்டிங்கை ஒரு தடவை பார்த்தா என்ன?" என்றாள் சௌம்யா.

"அது மூணாவது கட்டம்."

"இப்போ எந்தக் கட்டம்?"

"கட்டங்களை வகுக்கிற கட்டம்."

அப்பா தலையசைத்தார். கூட்டம் ஒருமனதாக முடிந்தது. காபி டம்ளர்களைச் சௌம்யா எடுத்துப் போனாள்.

திங்கட்கிழமை கள ஆய்வு. அப்பா ஒரு கையில் தன் போனும் மறு கையில் சாக்பீஸுமாக வீடு முழுக்க நடந்தார். பதினேழு இடங்களில் தரையில் வட்டம் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் நின்று வேகத்தை அளந்தார். குளியலறை வாசலில்கூட ஒரு வட்டம். எல்லா இடத்திலும் வேகம் பிரமாதம். ‘திருப்திகரம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மாமா, என் லேப்டாப்புல அளக்கலையே" என்றாள் சௌம்யா.

"அது பழுதுன்னு நீயே சொல்ற பொருள்மா. பழுதான பொருளை வச்சு அளந்தா அளவு தப்பா வரும்."

முப்பத்திரண்டு வருட அனுபவம் பேசும்போது நாம் குறுக்கே பேசக் கூடாது. நான் குறித்துக்கொண்டேன்: மூன்று பயனாளர்களில் இருவருக்குக் குறையில்லை, சேவைத் தரம் அறுபத்தாறு புள்ளி ஏழு சதவீதம். நெதர்லாந்துக்கு இதைவிடக் குறைந்த எண்ணைக் காட்டிப் பாராட்டு வாங்கியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை சந்தேகத்துக்குரியவர்கள் மீது நடவடிக்கை. இரும்பு வைஃபை அலைகளை மறிக்கும் என்பதால் படுக்கையறை பீரோவை நானும் அப்பாவும் ஹாலுக்குத் தள்ளினோம். ஹாலில் இடம் போதாமல் சோபா பால்கனிக்குப் போனது. மைக்ரோவேவ் அடுப்புக்குத் தடை. முன்னெச்சரிக்கையாக மிக்ஸிக்கும் தடை. அன்று இட்லிக்குச் சட்னி இல்லை. வீடே தியாகம் செய்தது. மாலையில் நிலைமை இதுதான்: சௌம்யாவின் புடவைகள் ஹாலில், சோபா பால்கனியில், வேகம் பழைய இடத்திலேயே.

புதன்கிழமை பயனாளருக்கு மாற்று ஏற்பாடுகளைப் பரிந்துரைத்தேன்.

"கேமராவை அணைச்சுட்டுப் பேசிப் பாரேன். வேகம் மிச்சமாகும்."

"நேர்முகத் தேர்வுங்க. முகத்தை எடுத்துட்டா ‘நேர்’ மட்டும்தான் மிச்சம்."

"சபீனா வீட்டுக்குப் போய்ப் பேசேன்."

"அவ தூரத்துல, குத்தம்பாக்கத்துல இருக்கா. பன்னண்டரைக்கு நிவேதிதா ஸ்கூல் விட்டு வந்துடுவா. வேன்லேர்ந்து நீங்க போய் இறக்கிக் கூட்டிட்டு வருவீங்களா?"

அந்த நேரத்தில் எனக்கு நெதர்லாந்து இருந்தது.

அவள் ஹாலில் நின்ற பீரோவைத் திறந்து நீலப் புடவையை எடுத்து, இஸ்திரி போட்டு மாட்டினாள். மாட்டிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"ஆறு வருஷம் கழிச்சு ஒருத்தன் கூப்பிட்டிருக்கான். இதுவும் போச்சுன்னா அடுத்தவன் எப்போ கூப்பிடுவான்னு எனக்குத் தெரியலைங்க."

‘பயனாளர் கவலை தெரிவித்தார்’ என்று பதிவு செய்தேன். பிறகு அவள் செய்த காரியம்தான் விதிமீறல். குழுவின் ஒப்புதல் இல்லாமல், இணைப்பு கொடுத்த கம்பெனிக்குத் தானே போன் செய்து ஆளை வரச் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை பத்தேகாலுக்கு அந்த ஆள் வந்தார். பெயர் முனியன். நாற்பது வயது, தோளில் வயர் சுருள். உள்ளே வந்ததும் நின்றுவிட்டார்.

"இன்னா சார், பீரோ நடு ஊட்ல கீது? காலி பண்ணிகினு போறீங்களா?"

"வேக மேம்பாட்டு நடவடிக்கை" என்றேன்.

அவர் தரையில் இருந்த வட்டங்களையும் பார்த்தார். என் அறைக்கு வந்து, ரவுட்டரில் தன் கருவியைச் சொருகினார்.

"லைன் சூப்பரா வந்துகினு கீது சார். நூறு எம்பி தட்டுது. செட்டிங்கைத் தொறங்க."

அது ரகசியத் தகவல் என்றும், வெளியாட்களுக்குக் காட்ட வழிமுறைகள் உண்டு என்றும் விளக்கினேன். முனியன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கதவருகே நீலப் புடவையில் லேப்டாப்பை மார்போடு அணைத்து நின்ற சௌம்யாவைப் பார்த்தார்.

"அக்காக்கு பதினோரு மணிக்கி இண்டர்வூன்றாங்க. தொறந்துடு அண்ணாத்தே."

‘சார்’ பதவியிலிருந்து நான் இறக்கப்பட்டதைக் கவனித்தேன். திறந்தேன். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியல் வந்தது. என் இரண்டு லேப்டாப், என் போன், அப்பாவின் போன், டிவி. முனியன் விரல் கீழே இறங்கிக்கொண்டே போய் ஓர் இடத்தில் நின்றது.

"இந்த லேப்டாப்பு மட்டும் ‘கெஸ்ட்’ல கீது. ரெண்டு எம்பிக்கு மேல போவாதுன்னு பூட்டு வேற போட்டு வெச்சிகீற. இது ஊட்டுக்கு வந்து போற விருந்தாளிக்குப் போட்றது அண்ணாத்தே. யார்து இது, ஊர்லேர்ந்து ஆளு வந்துகீறாங்களா?"

"என்னோடது" என்றாள் சௌம்யா.

நான் உடனே தெளிவுபடுத்தினேன். நான்கு வருடம் முன்பு வீட்டிலிருந்து வேலை பார்க்க ஆரம்பித்தபோது, அலுவலக வேலைக்கு அவசியமில்லாத கருவிகளைத் தனிப் பாதையில் வைத்து, வேகத்துக்கும் உச்சவரம்பு போட வேண்டும் என்பது பாதுகாப்புக் கொள்கை. அப்பா அன்றைக்கு என் பக்கத்திலேயே நின்று பாஸ்வேர்டு வாங்கிக்கொண்டார். சௌம்யா சமையலறையில் இருந்தாள். அவளுக்கு விருந்தினர் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். முறைப்படிதான் எல்லாம் நடந்திருக்கிறது.

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை வெகுநேரம் பார்த்தார். "டிவி எந்தப் பாதையில இருக்கு?" என்று கேட்டார்.

"முதல் பாதைப்பா."

அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார்.

"மாத்திடலாம்" என்றேன் நான். "ஆனா மாற்றக் கோரிக்கை எழுதி, பேக்கப் எடுத்து, பாதிப்பு மதிப்பீடு முடிச்சு... இருபத்து நாலு மணி நேரம் ஆகும்."

மணி பத்து ஐம்பது. முனியன் பையிலிருந்து ஒரு வயரை உருவி, ஒரு முனையை ரவுட்டரிலும் மறு முனையைச் சௌம்யாவின் லேப்டாப்பிலும் சொருகினார். "வைஃபையே வாணாம் அக்கா. நேரா வயர்ல வரும். தைரியமா பேசு."

சௌம்யா என் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீங்க வெளியில இருங்க" என்றாள். கதவு சாத்தப்பட்டது.

பதினோரு மணி நெதர்லாந்துக் கூட்டத்துக்கு நான் போக முடியவில்லை. நான்கு வருடத்தில் முதல் முறை. நான் வராததை நெதர்லாந்து கவனிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. பீரோ ஓரமாக நின்றபடி கதவுக்கு அப்பால் சௌம்யாவின் குரலைக் கேட்டேன். தடங்கல் இல்லாமல் பேசினாள். எதிர்முனையில் யாரோ ஏதோ சொல்ல, சிரித்தாள். நிறையத் தெரிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று கணக்குப் போட முயன்று, தரவு போதாமல் விட்டுவிட்டேன். அப்பா ஈரத் துணியோடு குனிந்து சாக்பீஸ் வட்டங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார்.

பதினொன்று ஐம்பதுக்கு வெளியே வந்தாள்.

"எப்படிப் போச்சு?"

"நல்லா."

சனிக்கிழமை வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. தன் லேப்டாப்பை முதல் பாதைக்கு மாற்றும் வேலையையும் அவளே செய்துகொண்டாள். இரண்டு க்ளிக் ஆயிற்று.

நான் விசாரணையின் இறுதி அறிக்கையை ஞாயிற்றுக்கிழமை தயாரித்தேன். அதில் ஒரு பத்தி எனக்கே மிகவும் பிடித்திருந்தது. சமையலறைக்கு எடுத்துப்போய் உரக்கப் படித்துக் காட்டினேன்: "‘விருந்தினர்’ என்ற வகைப்பாட்டைக் குறையாகக் கருதுவது தவறு. விருந்தினரைப் போற்றுவதில் தமிழருக்கு நிகர் யாருமில்லை. ஆகவே கடந்த நான்கு ஆண்டுகளாக இவ்வீட்டின் மிக உயர்ந்த கௌரவம் பயனாளருக்கே வழங்கப்பட்டு வந்துள்ளது."

சௌம்யா குழாயை நிறுத்தினாள். முழங்கை வரை சோப்பு நுரை.

"சரி, விருந்தாளின்னே வச்சுக்குவோம். வந்த விருந்தாளியை நாலு வருஷமா பாத்திரம் தேய்க்க விட்டுட்டு, பக்கத்துல நின்னு அறிக்கை படிக்கிறது எந்த ஊர்த் தமிழருங்க?"

அறிக்கைப் படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு அதில் இடமே இல்லை. ‘மூல காரணம்’ என்ற கட்டம் ஒன்றுதான் காலியாக இருந்தது. அதில் என் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டேன்.