இராக்கம்மாவின் ரோமானியச் சட்டி

உலகத்தில் மண்ணைத் தோண்டாத இனம் இல்லை. ஆனால் அதை முறைப்படி தோண்டக் கற்றுக்கொண்ட பெருமை, இலங்கையில் கொஸ்லந்தவுக்கு மேலே இருக்கும் வெள்ளப்பாறைத் தேயிலைத் தோட்டத்தையே சாரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதையொட்டி அங்கே தண்ணீர் வடியக் கான் வெட்டியபோது ஒரு ரோமானியக் காசு அகப்பட்டது. மிளகு வாங்க வந்த ரோமானியர் அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று கொழும்பில் முடிவாயிற்று.

முதல் வருஷத்து 'ஆய்வு' கடப்பாரையால் நடந்தது. அங்கே ஒரு சுவர் இருந்ததை, அது உடைந்த பிறகு கண்டுபிடித்தார்கள். மறு வருஷம் நீளமாகப் பள்ளம் வெட்டினார்கள். அதில் தோட்டத்து மாடு ஒன்று விழுந்தது. மூன்றாம் வருஷம்தான், பதுளையில் பிறந்து லண்டனில் படித்த டாக்டர் தாஸிம் வந்தார். கயிறு கட்டி நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்தார். கடப்பாரையை வாங்கி வைத்துவிட்டு எல்லார் கையிலும் பிரஷ் கொடுத்தார்.

தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இராக்கம்மாவுக்கும் ஒன்று கிடைத்தது. ரோமானியர்மேல் அவளுக்கு விரோதமும் இல்லை, பிரியமும் இல்லை. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில், பிறந்த லயத்திலேயே சாக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. தோட்டத்து ஜனங்களில் யார் இங்கே இருப்பது, யார் இந்தியாவுக்குப் போவது என்று இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்துக்கொண்டிருந்த காலம் அது. அவளையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"சீசன் முடியிற வரைக்கும் நின்னீன்னா, டாக்டர் தொரை ஒனக்காக ஒரு வார்த்தை எழுதிக் குடுப்பாரு" என்றார் சின்னராசா கங்காணி.

நிற்பதுதான் கஷ்டம். விஞ்ஞானம் எவ்வளவு முன்னேறினாலும் கூலிக்கு ஓர் அளவு வேண்டாமா? கங்காணி கொழுந்து நிறுக்கும் தராசையே கொண்டுவந்து மாட்டி, மாலையில் பானை ஓடுகளை நிறுத்தார். எடை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். தொடர்ந்து குறைந்தால் வேலையே இல்லை. கொழுந்துக்குக் கழிப்பதுபோல ஓட்டுக்கும் ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்தார்.

"ஓட்டுல ஏதுங்க ஈரம்?"

"ரோமாக்காரன் கடல் தாண்டி வந்தவன். இருக்கத்தான் செய்யும்."

பிரஷ்ஷால் தடவினால் எவ்வளவு ஓடு வரும்? முதல் நாள் இராக்கம்மாவுக்கு அரைப்பேர். மறுநாள் விடிந்ததும் அடுப்படியில் இருந்த குழம்புச் சட்டியை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்மிக் குழவியை எடுத்தாள். அன்றைக்கு முழுப்பேர்.

டாக்டர் அந்தத் துண்டுகளை மோந்து பார்த்து மெய்சிலிர்த்தார். "மீன் சமைச்சிருக்காங்க. மத்தியதரைக் கடல் மீன்."

ஞாயிற்றுக்கிழமை வைத்த நெத்தலிக் கருவாடு என்று இராக்கம்மாவுக்குத் தெரியும். விஞ்ஞானத்தில் மண்ணை அள்ளிப்போட அவள் யார்? விஷயம் பரவியதும் மற்ற வீட்டுச் சட்டிகளும் ஒவ்வொன்றாக ரோமானியராகின. லயமே தகர டின்னில் சமைத்தது. வெள்ளப்பாறை உலகப் புகழ் பெற்றது.

சீசன் முடிந்ததும் அவள் டாக்டரிடம் போனாள். "தொரை, நான் இங்கதான் பொறந்தேன். எங்கப்பா, அவங்கப்பா எல்லாரையும் இந்த மண்ணுலதான் பொதைச்சிருக்கு. ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க."

டாக்டர் நல்ல மனிதர்; உண்மையாகவே வருந்தினார். "நான் நம்புறன். ஆனா ஆதாரம் இல்லாம எழுத ஏலாது. அது என்ட முறைக்கு விரோதம்."

வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னாள். "அந்தச் சட்டி என்னோடதுங்க. நான்தான் ஒடைச்சுப் போட்டேன்."

டாக்டர் சிரித்தார். "அது ஆயிரத்தஞ்ஞூறு வருஷப் பழசு. நானே பரிசோதிச்சாச்சு."

விசாரணையிலும் ஆதாரம்தான் கேட்டார்கள். லயத்தைக் காட்டினாள், அது தோட்டத்துக்குச் சொந்தம் என்றார்கள். அப்பனைப் புதைத்த இடத்தைச் சொன்னாள். அங்கே இப்போது தேயிலைதான் இருக்கிறது என்றார்கள்.

இந்தியாவுக்குப் புறப்பட்ட அன்று, மூட்டையோடு பதுளை ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் வெள்ளப்பாறைக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. உள்ளே போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அவளுடைய சட்டி, ஒட்டவைத்து, விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தது. கீழே எழுதியிருந்ததைக் காவல்காரர் படித்துச் சொன்னார்: "இந்த மண்ணில் நிலையாகக் குடியிருந்தோர் சமைத்த சட்டி. நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது குற்றம்."

சமைத்தவளைப் பற்றி அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. சட்டியை மண்ணிலிருந்து எடுக்க பிரஷ் வரைக்கும் முன்னேறிய நாடு, இராக்கம்மாவைப் பெயர்த்தெடுக்க மட்டும் பழைய கடப்பாரையையே வைத்திருந்தது.